கொடிமரத்தைப் பிடித்தவன்

1917 மார்ச் 3, சனி

துணைத் தூதர் துரையை இன்று காலை நீராவிப் படகில் ஏற்றி பஸ்ரா ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாயிற்று. மலேரியா. கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டே என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, நான் திரும்பும்வரை தூதரகம் உம் பொறுப்பு. புதிதாக எதையும் செய்யாதீர். பழைய வழக்கம் எதையும் மாற்றாதீர்" என்றார். எழுத்திலும் கொடுத்தார். புதிதாகச் செய்ய எனக்கு எங்கே தெம்பு இருக்கிறது?

கஸ்ரியாவுக்கு நான் குமாஸ்தாவாக வந்து ஆறு வருஷம் ஆகிறது. என்ன வேலை என்று திருநெல்வேலியிலிருந்து யாராவது கடுதாசி போட்டுக் கேட்டால் பதில் எழுதவே அலுப்பாக இருக்கும். பாரசீக தேசம், காரூன் ஆற்றங்கரை, அதில் ஒரு படகுத்துறை, துறைக்குப் பக்கத்தில் இங்கிலீஷ்காரர்களின் துணைத் தூதரகம். ஆற்றில் ஏறும் சர்க்கரையும் இறங்கும் கம்பளியும் பேரீச்சம்பழமும் எதிரியான துருக்கியர் கைக்குப் போகாது என்று நான் சான்று எழுத வேண்டும். எங்கே போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் கோமதிநாயகம் பிள்ளை என்று கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

வீட்டுக்கு எழுதும் கடிதத்தை எல்லாம் ராணுவத்தார் பிரித்துப் படிக்கிறார்கள். இந்த நோட்டை இன்னும் கேட்கவில்லை. கேட்கமாட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆகையால் நடந்ததை மட்டும் எழுதுவது என்று வைத்திருக்கிறேன்.

மார்ச் 6, செவ்வாய்

மிளகு மூட்டைக்குச் சான்று எழுதிக்கொண்டிருந்தபோது முற்றத்தில் ஒரே கூச்சல். இடுப்பு வரை நனைந்த ஓர் ஆள் வாசலில் நின்ற சவார்களை, அதாவது குதிரைக் காவலர்களை, இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, நடுவில் நிற்கும் எங்கள் கொடிமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். நல்ல ஆகிருதி. மூச்சு வாங்கியது. சவார்கள் இழுத்துப் பார்த்தார்கள். பலாப்பழத்தில் ஈ ஒட்டினாற்போல ஒட்டிக்கொண்டு விடவில்லை.

எங்கள் பாரசீக எழுத்தர் மிர்ஸா அபுதாலிப் வெளியே வந்து பார்த்தார். பார்த்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "அவனைத் தொடாதீர்கள். பஸ்த் புகுந்திருக்கிறான்" என்றார்.

பஸ்த் என்றால் தஞ்சம். இந்த நாட்டில் அது பெரிய வழக்கம். பயந்தவன் தர்காவிலோ ராஜாவின் லாயத்திலோ தூதரகத்திலோ புகுந்து எதையாவது பிடித்துக்கொண்டால், அவனாக வெளியே போகும்வரை யாரும் இழுக்கக் கூடாது. சோறு போட வேண்டியதும் இடம் கொடுத்தவர்களே. வந்த நாளாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது இன்றுதான். பெயர் ஷனாவா, மஹேலா என்னும் பெரிய பாய்மரப் படகு ஓட்டுகிறவன், அரபு ஜாதி.

"யாருக்குப் பயந்து வந்திருக்கிறான்?" என்று மிர்ஸாவிடம் கேட்டேன்.

"தங்களுக்கு" என்றார் மிர்ஸா. "அதாவது தங்கள் ராணுவத்துக்கு."

நம்மிடமிருந்து தப்பிக்க நம் கொடிமரத்தையே பிடித்திருக்கிறான். எனக்குத் தலையை வலித்தது.

மார்ச் 7, புதன்

எதிர்பார்த்தபடி காப்டன் பென்ரோஸ் வந்தார். இந்தத் துறையில் ராணுவத் தானியம் முழுக்க அவர் பொறுப்பு. கோபமாகப் பேசுகிற மனிதர் அல்ல. பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் பேசுவார், அதுதான் பயம்.

ராணுவக் குதிரைகளுக்கான பார்லி மூட்டைகளை ஷனாவாவின் படகில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். படகு காலியாகத் திரும்பியது. மணல்மேட்டில் தட்டி நின்றதாம், கரையில் இருந்த ஜனங்கள் வந்து அள்ளிக்கொண்டு போனார்களாம். "எதிரிக்கு விற்றுவிட்டான். யுத்த காலத்தில் இதற்குத் தூக்கு. ஆளைக் கொடும்" என்றார்.

நான் தைரியசாலி அல்ல. துரை எழுதிக்கொடுத்த காகிதத்தை எடுத்துக் காட்டினேன். பழைய வழக்கத்தை மாற்றாதே என்று எழுதியிருக்கிறதே, நான் என்ன செய்ய?

காப்டன் சவார்களைப் பார்த்தார். அப்போது மிர்ஸா குனிந்து சலாம் செய்து சொன்னார்: "தாராளமாக இழுத்துப் போகலாம், ஹுஸூர். ஆனால் இந்தக் கம்பத்தைப் பிடித்தவனையே இங்கிலீஷ்காரன் இழுத்தான் என்றால், நாளை உங்கள் மூட்டையை ஏற்ற இந்த ஆற்றில் ஒரு படகும் வராது."

துறையில் படகோட்டிகள் எல்லாரும் மதிலுக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். காப்டன் போய்விட்டார்.

மார்ச் 8, வியாழன்

மழை. அவன் கம்பத்தடியிலேயே நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் நனைந்தால் எனக்கென்ன? சரக்கறையில் ஒரு பழைய கூடாரத் துணி இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. வெளியே தூக்கிப் போடச் சொன்னேன். அவன் எடுத்துக் கட்டிக்கொண்டான் போலிருக்கிறது.

மார்ச் 10, சனி

பெரிய தொந்தரவு. வந்த நாளிலிருந்து அவன் எங்கள் அடுப்படிச் சாப்பாட்டைத் தொடவில்லை. இடுப்பில் முடிந்து வந்த பேரீச்சம்பழத்தைத் தின்றுகொண்டிருந்தான், அதுவும் தீர்ந்துவிட்டது. ஆட்டுக்கறி, அரிசி, ரொட்டி எல்லாம் போன தட்டிலேயே திரும்பி வருகிறது. தூக்கில் தொங்கப் பயந்து வந்தவன் என் முற்றத்தில் பட்டினி கிடந்து செத்தால் பழி யாருக்கு?

மிர்ஸாவைக் கேட்டேன். அவர் இழுத்தார், கனைத்தார், கடைசியில் சொன்னார். "தாங்கள் வருத்தப்படக் கூடாது. தாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உண்கிறீர்கள்."

"ஆமாம். எப்போதும் அப்படித்தான்."

"எங்களுக்குப் பழகிவிட்டது. அவன் புதியவன். இந்த நாட்டில் ஒருவனோடு உட்கார்ந்து ரொட்டி தின்றவன் அவனைப் பிடித்துக் கொடுக்க முடியாது. பிடித்துக் கொடுக்க நினைப்பவன் முன்னெச்சரிக்கையாக உண்ணாமல் இருப்பான். வீட்டுப் பொறுப்பாளி கதவைச் சாத்திக்கொண்டால் அவன் வேறு என்ன நினைப்பான்?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. எங்கள் பக்கத்துச் சைவர்கள் கதவைச் சாத்திச் சாப்பிடுவது கண் படாமல் இருக்க. ஆறு வருஷமாக என் புளிக்குழம்பை நானே வைத்து, என் தட்டை நானே கழுவி, யாரையும் தொந்தரவு செய்யாமல் இருந்தேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஊர் முழுக்க என்னை எந்த நேரமும் காட்டிக்கொடுக்கக் காத்திருப்பவன் என்று எண்ணியிருக்கிறது. ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அலுவலகக் கடமை என்று ஒன்று இருக்கிறதே. கறி இல்லாமல் ரொட்டியும் தயிரும் மட்டும் எடுத்து வரச் சொல்லி முற்றத்தில் போய் உட்கார்ந்தேன். மண்ணில். ஷனாவா என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு ரொட்டியைக் கிழித்து, பெரிய பாதியை என் கையில் வைத்தான். அவன் கை தொட்ட ரொட்டி. கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டேன். குமட்டும் என்று நினைத்தேன், குமட்டவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

அவன் ஓநாய் மாதிரி தின்றான். பாதியில் நிறுத்தி, "குய்யா, நீயும் தின்னு" என்றான். அரபியில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அதுதான் சொல்லாம்.

மார்ச் 12, திங்கள்

பாக்தாத் நம் வசமாகிவிட்டது என்று தந்தி. துறையில் குண்டு போட்டுக் கொண்டாடினார்கள். கூரையிலிருந்து காரை உதிர்ந்து மைக்கூட்டில் விழுந்தது.

ராணுவ மருந்தகத்துக் கம்பவுண்டர் இஸ்ரவேல் வந்தான். நாசரேத்துக்காரன், இந்த ஊரில் தமிழ் பேச எனக்குள்ள ஒரே நாக்கு. நான் முற்றத்தில் ஷனாவாவோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்ன அண்ணாச்சி, பாக்தாத் விழுந்ததுன்னு சொன்னாவ. இங்கயும் ஒரு கோட்டை விழுந்து கெடக்கே!"

"சும்மா இரும்வே. இது ஆபீஸ் காரியம்."

"அஞ்சாறு வருஷமா கூப்பிட்டேன், ஒரு கிறிஸ்மஸுக்கு வந்து கை நனைச்சியளா? இவன் கம்பத்தைப் புடிச்சதும் ஓடி வந்து உக்காந்துட்டிய. நானும் ஒரு கம்பத்தைப் புடிச்சிருக்கணும் போல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் மனதில் ஏதோ இருந்துதான் சொன்னான். எனக்கு வெட்கமாக இருந்தது. "உக்காரும்" என்றேன். உட்கார்ந்தான். மூவருமாகத் தின்றோம்.

மார்ச் 15, வியாழன்

விடுப்பு விண்ணப்பம் அனுப்பினேன். வைகாசியில் என் மகள் உலகம்மைக்குக் கல்யாணம். அடுத்த மாதக் கடைசிக் கப்பலையாவது பிடித்தால்தான் முகூர்த்தத்துக்கு ஊர் போய்ச் சேரலாம். கப்பலில் இடம் கொடுப்பது ராணுவம். கையெழுத்துப் போடுவது காப்டன் பென்ரோஸ்.

சாப்பிடும்போது ஷனாவாவிடம் இதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. நான் ஊரை விட்டு வரும்போது அவள் பாவாடை கட்டிய பிள்ளை, இப்போது முகம்கூடச் சரியாக ஞாபகம் வரவில்லை என்றும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு பார்லி விஷயத்தை அவனாகவே ஆரம்பித்தான். மேட்டில் தட்டியது நிஜமாம். ஆனால் கரையில் வந்து நின்றவர்கள் எதிரிகள் இல்லையாம், அவன் மனைவி ஊர்க்காரர்களாம். அங்கே இரண்டு வருஷமாக மழை இல்லை. பிள்ளைகளின் வயிறு ஒட்டிக் கிடந்ததாம். அவன் கத்தியை உருவவில்லையாம்.

இந்தப் பகுதியில் எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. குண்டுச் சத்தத்துக்குப் பிறகு அப்படித்தான் இருக்கிறது.

மார்ச் 21, புதன்

பாரசீக வருஷப் பிறப்பு. மிர்ஸா இனிப்பு கொண்டுவந்தார். ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது, மலையில் பனி உருகுகிறதாம்.

மார்ச் 24, சனி

காப்டன் கூப்பிட்டனுப்பினார். தேத்தண்ணீர் கொடுத்தார். இதுவரை எனக்கு நாற்காலி கூடக் கொடுத்தவர் இல்லை. என் விடுப்பு விண்ணப்பம் மேசைமேல் இருந்தது.

"மகள் கல்யாணம், இல்லையா? நல்லது. இடம் கொடுப்பதில் எனக்குத் தடையே இல்லை." பிறகு ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் படகோட்டி உம்மை நம்புகிறானாமே. ஒன்றும் வேண்டாம், வாசல் வரைக்கும் அழைத்து வாரும். ஒரு வாக்குமூலம், அவ்வளவுதான். முடிந்ததும் அவன் கம்பத்துக்கே திரும்பிப் போகலாம்" என்றார்.

"யோசித்துச் சொல்கிறேன்" என்று வந்துவிட்டேன்.

வாக்குமூலம் மட்டும்தானாம். நல்ல மனிதர்தான், பொய் சொல்ல மாட்டார். திரும்பி வந்தபோது எங்கள் வாசலுக்கு அந்தப் பக்கம் எட்டு சிப்பாய்கள் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்கள். வேறு வேலையாக வந்திருப்பார்கள்.

மார்ச் 25, ஞாயிறு

ஷனாவாவிடம் காப்டன் சொன்னதைச் சொன்னேன்.

"சரி, நீ என்ன சொல்றே?" என்று கேட்டான்.

"காப்டன் சொன்னதைச் சொன்னேன்."

"அது காதுல விழுந்துச்சு. நீ என்ன சொல்றேன்னு கேட்டேன். நீ வான்னா இப்பவே எழுந்து வாரேன்."

அப்படியே எழுந்தும் விட்டான். வாசலுக்கும் எங்களுக்கும் நடுவில் இருபதடி மண்தான். உலகம்மையை நினைத்துக்கொண்டேன். மணவறையில் அவள் கையைப் பிடித்துக் கொடுக்க என் தம்பி நிற்பதை நினைத்துக்கொண்டேன்.

வெயில் அதிகமாக இருக்கிறது, வெளியே நடமாட வேண்டாம் என்று அவனிடம் சொன்னேன். வெயில் உண்மையிலேயே அதிகம்தான்.

மார்ச் 31, சனி

காப்டன் என்னைவிடக் கெட்டிக்காரர். பஸ்ராவிலிருந்து உத்தரவு வாங்கிவிட்டார். ஆறு ஏறுவதால் பழைய கிடங்கில் தண்ணீர் புகுமாம், தூதரகக் கட்டடம் துறைக்குப் பக்கத்தில் இருப்பதால் தானியக் கிடங்குக்கு வேண்டுமாம். எங்களுக்கு அக்கரையில் ஒரு வீடு. அலுவலகம், நாற்காலி, மேசை, கொடிமரம் எல்லாம் வியாழக்கிழமைக்குள் மாறவேண்டும்.

உத்தரவைக் கொண்டுவந்து கொடுத்தபோது, "தானியக் கிடங்கில் தஞ்சம் புகுந்ததாக உங்கள் வழக்கத்தில் உண்டா, மிர்ஸா?" என்று சிரித்தார். மிர்ஸாவும் சிரித்தார்.

காப்டன் போய்விட்டார். ஷனாவாவுக்கு வியாழக்கிழமை வரைக்கும்தான் உயிர்.

மிர்ஸா தாடியைத் தடவிக்கொண்டு, "என் பாட்டனார் காலத்தில் ஷாவின் லாயத்தில் ஒருவன் குதிரை வாலைப் பிடித்துப் பஸ்த் இருந்தான்" என்றார்.

"குதிரை நடந்தால்?"

"அவனும் கூட நடந்தான். வாலை விடவில்லை. ஒருவரும் தொடவில்லை. தஞ்சம் லாயத்தில் இல்லை, வாலில் இருந்தது."

நான் முற்றத்தைப் பார்த்தேன். ஷனாவா கம்பத்தடியில் படுத்து வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். எங்கள் ஊர்க் கோவில் கொடிமரத்தடியில் விழுந்து கும்பிட்டால் எல்லாரும் பக்தன் என்பார்கள். இவனைக் கைதி என்கிறார்கள்.

ஏப்ரல் 3, செவ்வாய்

கொடிமரம் நீளமாக இருக்கிறது, பயணிகள் ஏறும் தோணியில் அடங்காது. ஒரு மஹேலா பேச வேண்டும் என்று மிர்ஸாவிடம் சொன்னேன். பேசிவிட்டாராம். யாருடைய படகு என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பெட்டி கட்டுகிற வேலை நிறைய இருந்தது.

ஏப்ரல் 5, வியாழன்

இடமாற்றம் நடந்தது. நடந்தது நடந்தபடி:

காலையில் கொடியை இறக்கினோம். கம்பத்தை ஆட்டி ஆட்டி மண்ணிலிருந்து பிடுங்கினார்கள். கூலியாட்கள் தோளில் ஏற்றினார்கள். ஷனாவா அதன் அடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு கூடவே நடந்தான். கடைத்தெரு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். நெய் விற்கிற கிழவன் தன் தராசைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சில் கைவைத்தான். காப்டனின் சிப்பாய்கள் இரண்டு பக்கமும் நடந்தார்கள். கல்யாண ஊர்வலத்தில் பந்தம் பிடிப்பவர்கள் போல இருந்தது. அவனுக்கும் அந்தக் கம்பத்துக்கும் இடையில் யாரும் கையை நீட்டவில்லை.

காப்டன் அக்கரையில் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் கணக்கு எனக்குத் தெரியும். நட்டால்தான் கொடிமரம், படுத்துக் கிடந்தால் மரக்கட்டை. புதுக் குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் ஆளைத் தூக்கிவிடலாம்.

துறையில் பெட்டிகளைப் பயணிகள் தோணியில் ஏற்றினேன். அரசாங்கக் காகிதப் பெட்டிகளுக்குக் காவல் இல்லாமல் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆகையால் சிப்பாய்களையும் சவார்களையும் என்னோடு தோணியில் ஏறச் சொன்னேன். கம்பம் மஹேலாவில் ஏறியது. கம்பத்தோடு ஷனாவாவும் ஏறினான். மஹேலாக்காரர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. ஒருவன் மூக்கு மட்டும் ஷனாவாவின் மூக்கு மாதிரி இருந்தது.

நடு ஆற்றில் எங்கள் தோணி ஒரு பக்கமாகவும் மஹேலா ஒரு பக்கமாகவும் பிரிந்தன. வெள்ளம் நல்ல வேகம். நான் பெட்டிக் கயிறுகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன், ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஒரு சிப்பாய் கத்தியதும் திரும்பிப் பார்த்தேன். மஹேலா பாயை விரித்திருந்தது. வளைவு தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கொடிமரத்தின் நுனி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

ஏப்ரல் 6, வெள்ளி

பெரிய வெள்ளி என்று இஸ்ரவேல் உபவாசம். காப்டனுக்கு அதெல்லாம் இல்லை, விசாரணை நடத்தினார்.

படகு யாருடையது? தெரியாது. பேசியது யார்? நான் சொல்லி மிர்ஸா. காவல் ஏன் தோணியில்? விதி. நேற்றுக் காற்று இருந்ததா? இருந்தது என்று எழுதிக் கொடுத்தேன். கொஞ்சம் இருந்தது.

காப்டன் நான் எழுதிக் கொடுத்ததை மடித்து வைத்தார். "அரசாங்கத்துக் கொடிமரம் உம் பொறுப்பில் காணாமல் போயிருக்கிறது. அது திரும்பி வரும்வரை நீர் இந்த ஊரை விட்டு அசைய முடியாது" என்று என் விண்ணப்பத்தை இழுப்பறைக்குள் போட்டுச் சாத்தினார்.

கொடியை ஒரு மூங்கிலில் கட்டியிருக்கிறோம். காற்றடித்தால் வளைகிறது. புதுக் குழி வெறுமனே கிடக்கிறது. கோழி விழுகிறது என்று சமையல்காரன் புகார்.

ஏப்ரல் 13, வெள்ளி

சித்திரைப் பிறப்பு. வேப்பம்பூ எங்கே கிடைக்கும் இங்கே? இஸ்ரவேலும் மிர்ஸாவும் வந்தார்கள். கதவைத் திறந்துவைத்துத்தான் சாப்பிட்டோம். பிறகு அவர்கள் போய்விட்டார்கள். உலகம்மைக்குப் புடவை எடுத்தாயிற்று என்று தம்பி எழுதியிருந்தான். அழுதேன். எழுத வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 20, வெள்ளி

விடிந்ததும் முற்றத்தில் பேச்சுக்குரல். சமையல்காரன் கோழி பிடிக்கிறான் என்று நினைத்துப் போனேன். எங்கள் கொடிமரம் கிடந்தது. இரண்டு பேர் அதைத் தூக்கிக் குழியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் ஒரு கையைக் கம்பத்தின்மேல் வைத்துக்கொண்டு, மறுகையால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

ஷனாவா.

எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. "அட மடையா! உன்னை யார் வரச் சொன்னது?" என்று தமிழிலேயே கத்தினேன். பிறகு எனக்குத் தெரிந்த அரபியில் கத்தினேன்.

அவன் பல்லைக் காட்டினான். "கம்பம் இல்லேன்னா உன்னை ஊருக்கு விடமாட்டாங்களாமே? கீழ்த்துறையில சொன்னாங்க. உன் மக கல்யாணம்னு சொன்னியே, குய்யா. அப்பன் இல்லாம பொண்ணு கல்யாணம் எப்படி நடக்கும்?"

"அவங்க கையில கொடுத்து அனுப்பியிருக்கலாமே! நீ எதுக்கு வந்தே?"

"நான் புடிச்ச கம்பம். நான்தான் கொண்டு வைக்கணும். கூலிக்காரன் கையில அனுப்பினா அது திருடினதாயிடும்." பிறகு, இதில் என்ன பெரிய விஷயம் என்கிற மாதிரி, "வழி முழுக்கக் கையை எடுக்கல. எவனும் தொட முடியல, பாரு" என்றான்.

துறையிலிருந்து இங்குவரை நடந்து வந்திருக்கிறான். சவார்கள் வழிவிட்டிருக்கிறார்கள். காப்டன் முகம் கழுவி வருவதற்குள் கம்பத்தை நட்டு மண்ணை மிதித்துக் கொடியையும் ஏற்றியாயிற்று. பழையபடி பஸ்த். பழையபடி அதே ஆள், அதே கம்பம். செக்குமாடு மாதிரிச் சுற்றி வந்து நின்ற இடத்திலேயே நிற்கிறோம்.

ஏப்ரல் 21, சனி

காப்டன் சொன்ன வார்த்தை தவறவில்லை. கொடிமரம் வந்துவிட்டதால் என் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு அவரே கொண்டுவந்து கொடுத்தார். நாளைக் கப்பலில் எனக்கு இடம். மேல்தட்டில், காற்றோட்டமான இடம். முகூர்த்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போதே ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம்.

"உம் இடத்துக்கு ஆள் நாளைக் கப்பலிலேயே வருகிறார். என் பழைய அலுவலகத்தில் இருந்தவர்தான், சுறுசுறுப்பானவர். பொறுப்பை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகப் போம்" என்றார். முற்றத்தில் கம்பத்தடியில் படுத்திருந்தவனைப் பார்த்துவிட்டு, "புதியவருக்கு உள்ளூர்ப் பழக்கமெல்லாம் அவ்வளவாகத் தெரியாது" என்றும் சொன்னார்.

ஷனாவா கையெழுத்தைப் பார்த்து என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டான். பொண்ணுக்கு என்ன நகை, மாப்பிள்ளை எப்படி, எத்தனை ஆடு அறுப்பீர்கள் என்று கேட்டுத் துளைத்தான். நாங்கள் ஆடு அறுக்க மாட்டோம் என்றதும் அவனுக்கு என் மேல் பரிதாபம் வந்துவிட்டது.

பெட்டி கட்டினேன்.

ஏப்ரல் 22, ஞாயிறு

காலையில் இஸ்ரவேலிடம் போய்க் காய்ச்சல் என்று ஒரு சான்று வேண்டும் என்றேன். காய்ச்சல்காரனைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள்.

அவன் என் கையைப் பிடித்துப் பார்த்தான். "ஒடம்பு ஜில்லுன்னுல்லா இருக்கு அண்ணாச்சி."

"எழுதும்வே."

"நல்லா யோசிச்சிட்டியளா? ஒரே பொம்பளப் புள்ள. இந்தக் கப்பலை விட்டா அப்புறம்…"

"எழுதுதீரா, மாட்டீரா?"

எழுதினான். எழுதும்போது அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. ஊருக்குத் தந்தி கொடுத்தேன்: உடம்பு சுகமில்லை, தம்பி தாரைவார்க்கட்டும், உலகம்மைக்கு ஆசீர்வாதம். வேறு என்ன எழுத? சொல்லுக்குக் காசு என்பதற்காக நிறுத்தவில்லை. அதற்குமேல் எழுதினால் கப்பலுக்கு ஓடியிருப்பேன்.

புதிய குமாஸ்தா இறங்கி வந்தார். நல்ல இளைஞர். பொறுப்பை ஒப்படைக்க வேண்டியவர் காய்ச்சலில் படுத்திருக்கிறார், துரையின் எழுத்து அவர் பெயரில்தான் இருக்கிறது என்று மிர்ஸா வணக்கத்தோடு விளக்கியிருக்கிறார். அவர் வந்த கப்பலிலேயே திரும்பிப் போனார். காப்டன் இன்னும் வரவில்லை. வருவார்.

கப்பல் ஊதியது. நான் ஜன்னலடியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். ஆள் நடமாட்டம் அடங்கியதும் முற்றத்துக்குப் போனேன். ஷனாவா என்னைக் கண்டதும் துள்ளி எழுந்தான்.

"கப்பல் போயிடுச்சே! நீ போகலையா?"

"இடம் இல்லையாம். கடைசி நேரத்துல யாரோ ஆபீசருக்குக் கொடுத்துட்டாங்களாம்."

அவனுக்கு முகமே செத்துவிட்டது. துரைமார்களை, கப்பலை, கப்பல் கட்டியவனை எல்லாம் வரிசையாகத் திட்டினான். தான் கம்பத்தை இன்னும் நாலு நாள் முன்னாலே கொண்டு வந்திருந்தால் எனக்கு முந்தின கப்பல் கிடைத்திருக்கும், காற்று எதிரே அடித்தது, வழியில் படகு மேட்டில் தட்டிவிட்டது, எல்லாம் தன்னால்தான் என்று தலையில் அடித்துக்கொண்டான். கம்பத்தை விட்டுவிட்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான்.

போனால் போகிறது, கம்பத்தைப் பிடி என்றேன்.